குதிரையைத் தேடிப் போனவர்

ஆபீசில் அவளுக்குப் பெயர் கத்தரி. முகத்துக்கு நேரே கத்தரியக்கா. எவ்வளவு தடித்த புத்தகத்தைக் கொடுத்தாலும், பத்து நிமிஷத்தில் காதால் கேட்டு முடிக்கிற அளவுக்கு நறுக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. படிக்க நேரமில்லாதவர்கள் நடந்துகொண்டே, கார் ஓட்டிக்கொண்டே, பல் தேய்த்துக்கொண்டே அதைக் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் அந்தப் புத்தகத்தையே படித்துவிட்டதாக நம்பிக்கொள்வார்கள். நம்பிவிட்டுப் போகட்டும், அதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்பது அவள் கட்சி.

அந்த வேலைக்கென்று ஒரு முறை உண்டு. கையில் பென்சிலோடு உட்கார வேண்டும். எதை எடுத்துவிட்டால் புத்தகம் நிற்காதோ அது முதுகெலும்பு. ஓரத்தில் ஒரு கோடு. மற்றதெல்லாம் சதை, சுற்றி ஒரு கட்டம். கட்டத்துக்குள் போனது போனதுதான், அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குக் கட்டம் போடக் கை வராது. "ஐயோ, இந்த இடம் அழகா இருக்கேக்கா" என்று இழுப்பார்கள். "அழகா இருந்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படி. ஆபீஸ்ல முதுகெலும்பு மட்டும்தான்" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஒரு புத்தகத்தை ஆறு மாதம் படிப்பவர். சிமென்ட் மூட்டை இறக்கும் யார்டில் கிரேன் ஓட்டினார். ஏணி ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் கீழே லாரி வந்து ஹாரன் அடிக்கும்வரை வேலை கிடையாது. மற்ற கிரேன்காரர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் போனில் பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். இவர் படிப்பார். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு வெளியே பார்ப்பார். பிடித்துவிட்டால் அதே பக்கத்தை மறுபடி படிப்பார். லாரி வந்தால் விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால் கிரேனை ஆட்டுவார் என்று யார்டில் ஒரு கதை உண்டு. அது உண்மையா என்று அவள் கேட்டபோது சிரித்தாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை.

இது விஷயமாக இருவருக்கும் வாரம் ஒருமுறையாவது வாய்ச்சண்டை வரும். பிள்ளை குட்டி இல்லாத வீடு, சண்டை போட வேறு விஷயமும் அதிகம் இல்லை.

"இத்தனை வருஷமா படிக்கிறீங்களே, என்னத்தைக் கண்டீங்க? நேரங்கிறது ஒரு முதலீடுங்க. போட்டா ஏதாச்சும் திரும்பி வரணும். நான் எந்தப் புத்தகம் படிச்சாலும் அதுல என்ன இருக்குன்னு கேளுங்க, டக்குனு சொல்றேன். நீங்க போன வருஷம் படிச்சதுல இருந்து ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க பாப்போம்."

அவர் நிஜமாகவே யோசிப்பார். "அதுல ஒரு தபால்காரர் வருவார். ஒரு காது கேக்காது."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நல்ல மனுஷன்."

அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவருக்கோ அந்தக் கேலி உறைக்கவே உறைக்காது. வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்றால் அது அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்ததுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வேறு எதிலும் பெருமை பேசாத மனிதர். இந்த ஒன்றில் மட்டும், சொத்து வைத்திருப்பவர்களிடம் இருக்குமே, ஒரு நிதானம், அது அவரிடம் இருந்தது.

சிமென்ட் தூசு நுரையீரலில் படிந்து படிந்து, ஏணியில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்புறம் வீட்டு மாடிப்படியில் வாங்கியது. அப்புறம் குளியலறைக்கு நடந்தாலே வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் ஜன்னல் ஓரத்துக் கட்டில் கிடைத்தபோது, துணிப்பைக்குள் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். செங்கல் மாதிரி கனக்கிற நாவல். பாதிக்கு மேல் படித்திருந்தார்.

ஆனால் படிக்க முடியவில்லை. ஒரு கையில் ஊசி, இன்னொரு கை நடுக்கம். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண்ணாடியைப் போட்டால் குழாய் விலகுகிறது, குழாயைச் சரி செய்தால் கண்ணாடி ஏறுகிறது. ஒரு நாள் முழுக்க இரண்டோடும் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் அவளிடம் நீட்டினார்.

"நீ படியேன். நான் கேட்டுக்கறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு எதையும் வாசித்துக் காட்டியதில்லை. சற்றே கூச்சத்தோடு ஆரம்பித்தாள். இரண்டு பத்தி போவதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"மெதுவா. ரயிலைப் பிடிக்கப் போறியா?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயின்டர். அவருக்கும் நுரையீரல் கோளாறுதான், பெயின்ட் வாசனை. முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், இரண்டாம் நாள் மல்லாந்தார், மூன்றாம் நாள் ஒருக்களித்து இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். "அக்கா, கொஞ்சம் சத்தமா. எனக்கும் கேக்கட்டும்."

கதை என்று பார்த்தால் ஒரு பெரிய வீடு, மூன்று அக்கா தங்கைகள், வீடு யாருக்கு என்று ஒரு வழக்கு. அந்த வீட்டில் வண்டி ஓட்டும் பெரியவர் ஒருவர் உண்டு. வழக்குச் செலவுக்காக மூத்தவள் குதிரையை விற்றுவிடுகிறாள். மறுநாள் காலையில் வண்டிக்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கடிவாளத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, குதிரையைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். அத்தோடு அவர் பேச்சில்லை. கதை மறுபடி வீட்டுக்குள் வந்து, நடுப்பெண்ணின் கல்யாணம், சின்னவளின் காய்ச்சல், வக்கீலின் தகிடுதத்தம் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

அவள் புருஷனுக்கோ வழக்கும் கல்யாணமும் இரண்டாம்பட்சம். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் ஒரே கவலை. "வண்டிக்காரரைக் காணோமே."

"வருவார்ணே," என்பார் பெயின்டர். "குதிரை மேல உக்காந்து ஜம்முனு வருவார் பாருங்க."

"உக்கார மாட்டார். அதை நடத்திக்கிட்டுக் கூடவேதான் வருவார். உனக்கு அவரைத் தெரியல."

இப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். மூச்சு இழுப்புகூடக் கொஞ்சம் அடங்கும். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வருகிற அவளுக்கு, பொய் சொல்வானேன், அந்தச் சாயங்காலங்கள் பிடித்துத்தான் இருந்தன. கட்டம் போட்டுத் தள்ளவேண்டிய பக்கங்களையெல்லாம் வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது. பென்சில் இல்லாத கை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு நாள், மூணு நாள் தாங்கினா பெரிசு. யாருக்குச் சொல்லணுமோ சொல்லிடுங்கம்மா."

அவள் யாருக்கும் சொல்லவில்லை. நாத்தனாருக்குச் சொன்னால் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே ஒப்பாரி ஆரம்பமாகிவிடும். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். அவருக்குத் தெரியக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். ஆனால் இன்னொரு எண்ணம் உள்ளுக்குள் குடைந்தது. ஒரு முறை யார்டில் கூட வேலை பார்த்தவர் திடீரென்று இறந்துபோனபோது இவர் சொன்னார், விளையாட்டாகத்தான் சொன்னார்: "எனக்கு எது வந்தாலும் பரவாயில்ல. ஒரு புத்தகத்துல பாதியில மட்டும் போகக் கூடாது. முடிச்சுட்டுத்தான் போகணும்."

புத்தகத்தில் இன்னும் முந்நூறு பக்கத்துக்குப் பக்கமாக இருந்தது. அவர் கேட்கும் வேகத்தில் வாசித்தால் மூன்று வாரம் ஆகும். இருப்பதோ இரண்டு நாள்.

வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் அழுதிருப்பாள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், முடிகிறவரை வாசித்துவிட்டு மிச்சத்தைக் கடவுளிடம் விட்டிருப்பாள். இவளுக்கு ஒரு தொழில் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தாள்.

அன்று அவள் செய்ததுபோல் ஒரு வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யப்போவதில்லை. ஆபீசில் செய்வது வெறும் சுருக்கம், கேட்டாலே தெரிந்துவிடும். இது சுருக்கம் என்று தெரியக் கூடாது. நாவலின் நடையிலேயே ஒட்டுப்போட வேண்டும். எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாவினால் தையல் தெரியாது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டாள். எதிரே ஸ்ட்ரெச்சர் போனது, யாரோ அழுதார்கள், ஒரு குழந்தை அவள் காலடியில் பந்து உருட்டி விளையாடியது. எதையும் சட்டை செய்யவில்லை. கண்ணீர் வந்தால் பக்கம் நனைந்துவிடுமே என்று அழுகையைக்கூட ஒத்திப்போட்டாள்.

வண்டிக்காரர் வந்தார். ஐம்பது பக்கத்துக்கு வந்தார். ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு நடக்கிறார், சந்தையில் ஏமாறுகிறார், ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் படுத்துக் கிடக்கிறார். கடைசியில் ஒரு கல்குவாரியில் குதிரையைக் கண்டுபிடிக்கிறார். கல்லுத்தூசு பட்டுக் கண் போய்விட்டது அதற்கு. இவர் கையை மோந்து பார்த்துத் தலையைத் தாழ்த்துகிறது. மீட்டுக்கொண்டு போக அவரிடம் வழியில்லை. அதே குவாரியில் வண்டியோட்டியாகச் சேர்ந்து, அதனோடேயே தங்கிவிடுகிறார். வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

அவள் அதைக் கால் மணி நேரத்தில் மேய்ந்தாள். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முடிவுக்கும் சம்பந்தமில்லை. மூன்று சகோதரிகளில் ஒருத்திக்குக்கூட இந்த விஷயம் தெரியவருவதில்லை. புருஷன் விசாரிப்பாரே என்று ஒரு கணம் பென்சில் தயங்கியது. தயங்கினால் வேலை நடக்காது என்று பழகிய கை அது. ஐம்பது பக்கத்தையும் சுற்றி ஒரே கட்டம் போட்டாள்.

அன்று சாயங்காலமும் மறுநாள் சாயங்காலமுமாக வாசித்து முடித்தாள். இடையிடையே பக்கத்தைத் திருப்பும் சத்தம்கூட வரவேண்டிய இடத்தில் வரவழைத்தாள். வழக்கு முடிந்தது, வீடு மூன்றாகப் பிரிந்தது, சின்னவள் தனக்குக் கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தாள். கடைசி வரியை மட்டும் அப்படியே, மெதுவாக, அவருக்குப் பிடித்த வேகத்தில் வாசித்தாள். புத்தகத்தை மூடினாள். அப்பாடா என்றிருந்தது. முடித்துக் கொடுத்துவிட்டோம், இனி எது வந்தாலும் வரட்டும் என்றிருந்தது.

அவர் கண் திறந்து கூரையைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"ஆமாங்க. முடிஞ்சுபோச்சு."

"வண்டிக்காரர்?"

அவள் இதை எதிர்பார்த்துத் தயாராகத்தான் இருந்தாள். "அவரைப் பத்தி அப்புறம் ஒண்ணும் வரலைங்க."

"வரவே இல்லையா?"

"இல்ல."

"என்னக்கா இது, கடைசில சினிமாவை ஓட்டிவிட்ட மாதிரி ஓடிருச்சு," என்றார் பெயின்டர். அவள் அவரை முறைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

புருஷன் இன்னும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "எழுதினவனுக்கு அலுத்துப்போச்சு போல," என்றார். "இத்தனை பக்கம் ஒரு மனுஷனைக் கூட்டிட்டு வந்து நடு ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டானே. நான் தினமும் அந்த ஆளை நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். அவனுக்கு ஞாபகம்கூட இல்ல."

அவள் மூடிய புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நீ சொன்னது சரிதான்," என்றார்.

"எதைச் சொல்றீங்க?"

"நேரத்தைப் போட்டு என்னத்தைக் கண்டீங்கன்னு கேப்பியே. அதை."

வாதத்தில் ஒரு நாளாவது ஜெயிக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்தவள் அவள். ஜெயித்துவிட்டாள். அவர் முகத்தில் இருந்த அந்த நிதானம் போய்விட்டிருந்தது. ஏமாந்துபோனவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் புருஷன் முகத்தில் அதைப் பார்ப்பது அதுவே முதல் முறை.

அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லைங்க, புத்தகத்தில் இருக்கிறது, நான்தான் விட்டுவிட்டேன் என்று. ஏன் விட்டாய் என்பார். ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் போகிற மனிதரிடம் இரண்டு நாளில் போகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? போகிறவர் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே போகட்டும், தன் சாவைத் தெரிந்துகொண்டு போக வேண்டாம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ஆனால் அவர் போகவில்லை.

மூன்றாம் நாள் மூச்சு சீராயிற்று. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். ஆக்சிஜனைக் குறைத்தார்கள். கை விரித்த டாக்டர் இப்போது கையைத் தட்டாத குறை. "உடம்பு சில நேரம் இப்படித்தாம்மா, நம்மளை முட்டாளாக்கிரும்." பெயின்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரையும் இன்னும் கொஞ்ச நாளில் அனுப்பலாம் என்று பேச்சு நடந்தது. மூன்று வாரம், நல்ல தெளிவோடு, நல்ல பேச்சோடு இருந்தார். மத்தியானத்தில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காரும் அளவுக்குத் தெம்பு இருந்தது.

உட்கார்ந்து சும்மா இருந்தார். அதுதான் கொடுமை. அவள் வீட்டு அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகப் புத்தகம் கொண்டுவந்தாள். அவருக்குப் பிடித்தவை, பலமுறை படித்தவை. "வேணாம், வை" என்பார். மறுநாள் வேறொன்று கொண்டுவருவாள். "எதுக்குச் சுமந்துட்டு வர்ற?" என்பார். எதிரே கார் நிறுத்துமிடம். வருகிற கார்களையும் போகிற கார்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கேட்டார். "எல்லாப் புத்தகத்துலயும் இப்படித்தான் பண்ணியிருப்பானுங்களோ? நான்தான் கவனிக்காம இருந்திருக்கேனோ?"

"சேச்சே. அப்படியெல்லாம் இல்லைங்க."

"யார்டுல ஒருத்தன் கிரேன் மேல உக்காந்தே தபால்ல படிச்சு சூப்பர்வைசர் ஆனான். இன்னொருத்தன் பாட்டுக் கத்துக்கிட்டான். நான் யாரோ கட்டிவிட்ட கதையை நிஜம்னு நம்பி உக்காந்திருந்தேன். அந்தத் தூசுக்குள்ள." கொஞ்சம் இருமினார். "அலமாரியில இருக்கறதைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடு. இடம் அடைக்குது."

அவள் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் தேறி வருகிறாரே, இப்போது போய்ச் சாவுப் பேச்சை எடுப்பானேன் என்று தள்ளிப்போட்டாள். பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி பயம், மீதி வெட்கம். தையல் தெரியாமல் தைத்தோம் என்று பெருமைப்பட்ட வேலை இது. அதைப் பிரித்துக் காட்ட யாருக்குத்தான் கை வரும்?

ஆபீசிலிருந்து, அவளைவிட வயதில் சின்னவனான மேனேஜர் போன் செய்தான். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று பேசினாள்.

"அக்கா, ஒரு அவசர வேலை. வாசிப்புல போடுற நேரம்தான் வாழ்க்கையிலேயே பெரிய முதலீடுன்னு ஒரு புத்தகம். வெளிநாட்டுல சக்கைப்போடு போடுதாம். நானூறு பக்கம். ஆற அமரப் படிக்கணும், அவசரப்படக் கூடாதுங்கறதுதான் விஷயமே. பத்து நிமிஷத்துக்குள்ள கொண்டாந்துருங்க. நாளைக்கு வேணும்."

விவரமறியாத பிள்ளை, அவனுக்கு இதில் சிரிப்பே வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. செய்து கொடுத்தாள். நன்றாகவே வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் மறுபடியும் கட்டிலோடு சாய்ந்தார். இந்த முறை டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிடவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். குழாய் போய் முகமூடி வந்தது. பேச வேண்டுமென்றால் அதை விலக்கிக்கொண்டு பேச வேண்டும். அன்று சாயங்காலம் அவள் அந்தப் புத்தகத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டிக்காரர் வர்றாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"புத்தகத்துல இருக்கு. ஐம்பது பக்கம் இருக்கு. நான்தான் படிக்கல. நான்தான் விட்டுட்டேன். அது மட்டுமில்ல, கடைசி முந்நூறு பக்கமும் நான் வெட்டி ஒட்டினது. எழுதினவரு யாரையும் விடலைங்க. எல்லாரையும் கொண்டுபோய்ச் சேத்திருக்காரு. நாந்தான்..."

புத்தகத்தைத் திறந்து கட்டம் போட்ட பக்கங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமலே அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்தார். முகமூடியை விலக்கினார்.

"ஏன்?"

"ரெண்டு நாள்தான்னு டாக்டர் சொன்னாரு. பாதியில விட்டுடக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. முடிச்சுக் கொடுத்துடணும்னு..."

கோபப்படுவார் என்று நினைத்தாள். அழுவார் என்று நினைத்தாள். அவர் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"அது எப்போ சொன்னாரு?"

"மூணு வாரத்துக்கு மேல ஆச்சு."

"மூணு வாரம்," என்றார். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப முழுசா படிச்சிருக்கலாமே."

அவள் அவர் கையின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை ஒத்திப்போடவில்லை. அவர் இன்னொரு கையால் அவள் தலையைத் தொட்டார். ஆறுதலுக்குத் தொட்டாரா, விலக்கத் தொட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப படிக்கட்டுங்களா? அவர் கிளம்பினதுல இருந்து? ஒரு வரி விட மாட்டேன்."

"இன்னிக்கு முடியாது. கேக்கறதுக்கும் தெம்பு வேணும்ல." கண்ணை மூடிக்கொண்டார். "நாளைக்கு. மெதுவா படிக்கணும்."

"மெதுவா படிக்கறேங்க."

"நடந்துதான வர்றாரு?"

"நாளைக்குக் கேளுங்க," என்றாள். அவர் உதடு லேசாக விரிந்தது. அதைச் சிரிப்பு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டாள். முந்தின ராத்திரியே வீட்டில் அழிரப்பரை வைத்து அந்த ஐம்பது பக்கத்துக் கட்டத்தையும் அழித்திருந்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார். கண் அவள் மேல் நின்று, நகர்ந்து, மறுபடி வந்தது. மூச்சுக்காற்று சரியாக வெளியே போகாவிட்டால் மூளை மந்தமாகிவிடும், ஆளைத் தெரியும், மற்றது முன்னே பின்னே இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். ஆளைத் தெரிகிறதல்லவா, அது போதும் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வாசித்தாள். தோளில் கடிவாளத்தோடு வண்டிக்காரர் முதல் ஊருக்குள் நுழைகிறார். ஒரு கிணற்றடியில் தண்ணீர் கேட்கிறார். இந்தப் பக்கமாகப் பழுப்புக் குதிரை ஒன்று போயிற்றா, நெற்றியில் வெள்ளை இருக்கும் என்று ஒரு பெண்ணிடம் விசாரிக்கிறார். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவளுக்குத் தன் குரலே புதிதாகக் கேட்டது. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பும்போது அவர் முகமூடியை விலக்கினார்.

"யாரு அது?"

"வண்டிக்காரர்ங்க."

"எந்த வண்டி?"

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். வேண்டுமென்றே விளையாடுகிறாரோ என்றுகூட ஒரு கணம் ஆசையாக நினைத்தாள்.

"பெரிய வீட்டு வண்டிக்காரர்ங்க. உங்களுக்குப் பிடிக்குமே. குதிரையை வித்துட்டாங்க. சொல்லாம கொள்ளாம தேடிக்கிட்டுக் கிளம்பினாரே, அவரு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வண்டிக்காரரைத் தெரியவைக்க வேண்டும் என்றால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; கூண்டுக்குள் விரலை வைத்து மூடிய ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தன் சொந்தக்காரரைப் பற்றிச் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவோமே, அவர் அப்படி ஆட்டினார்.

"பாவம்," என்றார். "கெடைச்சுதாமா?"

"கெடைச்சுதுங்க."

"சரி," என்று முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதை மறுபடி விலக்கி, சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டார்.